மஞ்சள் சீட்டும் ராதாரிச் சீட்டும்

ரொட்டி ஒன்றைத் திருடியவனுக்கு என்ன தண்டனை விதிக்கலாம்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் ஏகோபித்த குரலில், "மன்னித்து விடலாம்" என்று சொல்லுவார்கள். அந்தத் திருடன் பத்தொன்பது வருஷம் சிறையிலிருந்து வெளியே வந்தவன், இன்றிரவு உங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கேட்கிறான் என்று சேர்த்துச் சொன்னால், குரல் சட்டென்று அடங்கிவிடும். பெரியவர்களைக் கேட்டாலும் இதே கதிதான். திண்ணை வைத்த வீடுகள் அருகிப் போனதால் நாம் தப்பித்தோம் போலும்!

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து காட்டுவதற்காகத்தான் விக்டர் ஹ்யூகோ 1862ஆம் ஆண்டில் 'லே மிசராப்ள்' என்னும் பெருநாவலை வெளியிட்டார். சகோதரியின் ஏழு குழந்தைகள் பசியால் துடிப்பதைச் சகியாமல் ழான் வல்ழான் என்னும் குடியானவன் ரொட்டி திருடுகிறான். அதற்கு ஐந்து வருஷ தண்டனை. தப்பியோட முயன்றதற்காக மேலும் பதினான்கு வருஷம். விடுதலையாகும்போது அவன் கையில் மஞ்சள் நிறமான ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் அதை அதிகாரிகளிடம் காட்டியாக வேண்டும். காட்டிய மாத்திரத்தில் ஊர் முழுவதும் அவன் யாரென்று தெரிந்துவிடும். பணம் கொடுத்தாலும் சத்திரத்தில் சோறில்லை. நாய்க் கூண்டில் கூட அவனுக்கு இடம் கிடைப்பதில்லை. சிறைவாசம் முடிந்தது, ஆனால் சீட்டின் வாசம் முடியவில்லை.

நாவல் வெளியான அதே வருஷத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அரசியல் காரணமாகத் தாய்நாட்டை விட்டுக் கெர்ன்ஸி தீவில் ஹ்யூகோ வாசம் செய்துகொண்டிருந்த சமயம் அது. இத்தாலிய மொழிபெயர்ப்பை வெளியிட்ட மிலான் நகரத்துப் பிரசுரகர்த்தர் டாயெல்லி என்பவர் அவருக்கு ஒரு விஷயத்தைத் தெரிவித்தார்: இது பிரஞ்சுக்காரர்களைப் பற்றிய புஸ்தகம், இத்தாலியர்களாகிய நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே சிலர் கேட்கிறார்களாம். ஹ்யூகோ எழுதிய மறுமொழி பிரசித்தமானது. எங்கெல்லாம் மனிதன் அறியாமையிலும் அவநம்பிக்கையிலும் கிடக்கிறானோ, எங்கெல்லாம் பெண் சோற்றுக்காகத் தன்னை விற்க நேருகிறதோ, அங்கெல்லாம் இந்தப் புஸ்தகம் வந்து கதவைத் தட்டும் என்ற கருத்தை அதில் அவர் விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார். இத்தாலி ஒரே ராஜ்யமாக ஒன்றுபட்டு அப்போது ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது.

எண்பத்தாறு வருஷம் கழித்து இத்தாலியர்களே அந்தக் கடிதத்துக்கு ஒருவகையில் பதில் சொன்னார்கள். 1948இல் ரிக்கார்தோ ஃப்ரேதா என்னும் டைரக்டர் 'இ மிசெராபிலி' என்ற பெயரில் இந்தக் கதையை இரண்டு பாகங்களாகப் படம் பிடித்து வெளியிட்டார். முதற் பாகத்துக்கு 'மனித வேட்டை' என்றும், இரண்டாம் பாகத்துக்குப் 'பாரிஸில் புயல்' என்றும் பொருள்படும் பெயர்கள். ழான் வல்ழானாக ஜீனோ செர்வி நடித்தார். தொழிற்சாலைப் பெண் ஃபான்டீன், அவளுடைய மகள் கோஸெத் ஆகிய இரண்டு வேடங்களையும் வலெந்தீனா கோர்த்தேஸே ஒருவரே ஏற்றார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மார்ச்செல்லோ மாஸ்திரோயன்னி, அப்போது முகம் தெரியாத இளைஞர், அதில் ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டினார்.

அந்நாளைய இத்தாலிய ஸினிமா என்றதும் நேயர்களுக்கு நினைவு வருவது டி ஸீகாவின் சைக்கிள் திருடனாகத்தான் இருக்கும். அதுவும் 1948இல் வந்ததே. லூயீஜி பார்த்தோலீனியின் நாவலைத் தழுவியதே. அதிலும் நல்லவன் ஒருவன் திருட நேர்கிறது. உண்மையான தெருக்களில், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல் எடுக்கும் அந்தப் புதிய பாணி உலகத்தையே மயக்கிக்கொண்டிருந்த சமயத்தில், ஃப்ரேதா அதில் மனம் வைக்கவே இல்லை. அவருக்கு வேண்டியவை வேகம், துரத்தல், திரள் திரளான ஜனங்கள், தடையரண்களில் வெடிக்கும் துப்பாக்கிகள். கலாரசிகர்கள் டி ஸீகாவுக்கு மகுடம் சூட்டிவிட்டு ஃப்ரேதாவை வெளித் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அந்தத் தீர்ப்பை நாம் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. முஸோலினியின் ஆட்சி 1943இல் கவிழ்ந்தது. 1946இல் மன்னராட்சி நீங்கியது. 1948 ஜனவரி முதல் தேதி புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. குடியரசு தன் சட்டப் புஸ்தகத்தின் முதல் ஏட்டைப் புரட்டிய அதே ஆண்டில், சட்டம் ஒரு மனிதனை ஆயுள் முழுவதும் துரத்தும் கதையை அந்த நாட்டு ஜனங்கள் கொட்டகைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

(செர்வியைப் பற்றி இன்னொரு வார்த்தை. பாதிரியாரின் கருணையால் திருந்தி நகரத் தலைவனாகும் வல்ழானாக நடித்த அதே மனிதர், 1952இல் வந்த 'டான் கமில்லோ' படத்தில் பாதிரியாருடன் ஓயாமல் மல்லுக்கு நிற்கும் கம்யூனிஸ்ட் நகரத் தலைவராக நடித்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். நடிகர்களுக்கு விதி இப்படியெல்லாம் விளையாட்டுக் காட்டுகிறது.)

நிற்க. இத்தாலியில் நடந்தது தமிழ்நாட்டிலும் நடந்தது. இரண்டே வருஷ இடைவெளியில் நடந்தது. 1950 ஜனவரி 26ஆம் தேதி நம்முடைய குடியரசு பிறந்தது. அதே 1950இன் இறுதியில் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவிலிருந்து 'ஏழை படும் பாடு' வெளிவந்தது. ஹ்யூகோவின் அதே கதைதான். இது தற்செயலே, யாரும் பஞ்சாங்கம் பார்த்து எடுத்ததில்லை. ஆனாலும் இரண்டு புதிய குடியரசுகள் தத்தம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்த வருஷத்தில் ஒரே பிரஞ்சு நாவலைத் தேடிப் போனது நமக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கதை தமிழுக்கு வந்த வழியே தனிக் கதை. கவியோகி சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தாசிரமத்தில் நெடுங்காலம் மௌன விரதம் பூண்டு வாழ்ந்தவர். புதுச்சேரி அப்போது பிரஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரஞ்சு மொழி அங்கே தெருவிலேயே புழங்கியது. வாய் பேசாத அந்த மனிதர், நாவலாசிரியர்களிலேயே அதிகமாகப் பேசுகிறவரான ஹ்யூகோவைத் தமிழில் பேச வைத்தார். 'லே மிசராப்ள்' தமிழில் 'ஏழை படும் பாடு' ஆயிற்று. ஹ்யூகோவின் இன்னொரு நாவல் 'இளிச்சவாயன்' ஆயிற்று. மலையாளத்தில் 1925இலேயே நாலப்பாட்டு நாராயண மேனோன் 'பாவங்ஙள்' என்று மொழிபெயர்த்து, அந்நாட்டு எழுத்தாளர் ஒரு தலைமுறையையே கலக்கிவிட்டிருந்தார். 'துயருற்றோர்' என்று ஏட்டுத் தமிழில் பெயர் வைத்திருந்தால் புஸ்தகம் அலமாரியிலேயே இருந்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம். 'ஏழை படும் பாடு' என்பதோ திண்ணையில் பாட்டி பெருமூச்சு விட்டுச் சொல்லும் வார்த்தை. அந்தத் தலைப்பிலேயே பாதி மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது.

பட்சிராஜா ஸ்டூடியோவின் அதிபர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு படத்தைத் தயாரித்தார். டைரக்டர் கே. ராம்நாத். காமிராவின் சூட்சுமங்களைக் கரைத்துக் குடித்தவர். வாஹினியிலும் ஜெமினியிலும் பேர் பெற்றவர். 1956இல் அகால மரணம் அடையாதிருந்தால் தமிழ்ப் படத்தின் சரித்திரமே வேறு விதமாக இருந்திருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். தெலுங்கிலும் இதே கதை கூடவே 'பீதல பாட்லு' என்று தயாராயிற்று. லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளும் படத்தில் இருந்தார்கள்.

ழான் வல்ழான் இங்கே கந்தன் ஆனான். கந்தனாக நடித்தவர் சித்தூர் வி. நாகையா. ஒரு வகையில் இது துணிச்சலான ஏற்பாடு. போதனாவாகவும், வேமனாவாகவும், தியாகராஜ ஸ்வாமிகளாகவும் நடித்து, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பக்தியை ஊட்டியவர் நாகையா. அந்த முகத்தில் திருடனைக் கண்டு அஞ்சுவது லேசான காரியமா? கதையின் தொடக்கத்தில் வல்ழான் மிருகம் போல் இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அவனை அப்படிச் செய்துவிட்டது. நாகையாவிடம் அந்த மிருகத்தைத் தேடுகிறவர்கள் சற்று ஏமாறத்தான் வேண்டியிருக்கும். ஆனால் நம்முடைய ஜனங்களுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது: எந்த மகானைக் கும்பிட்டு வந்தார்களோ, அவரே விலங்கு பூண்டு நிற்பதைப் பார்த்தார்கள்.

*

இனி, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயம். கதாபாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டே வந்தவர்கள் ஓரிடத்தில் கையைக் கட்டிக்கொண்டார்கள். கந்தனை ஊர் ஊராகத் துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஹ்யூகோ வைத்த பெயரே நின்றது: ஜாவர். அந்த வேடத்தில் நடித்த சீதாராமனுக்கு, ஆயுள் பரியந்தம் ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்தது.

ஏன் அந்த ஒருவனுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லை? தயாரித்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதற்குள் நாம் புகவில்லை. ஆனால் 1950இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த தமிழனுக்கு அது வித்தியாசமாகப் பட்டிராது. பசிக்கிறவன் நம்மவன், அடைக்கலம் கொடுக்கிறவர் நம்மவர், கைவிடப்பட்ட பெண் நம்மவள். விடாமல் துரத்தும் சட்டத்துக்கு மாத்திரம் சீமைப் பெயர். அந்தத் தமிழன் பிறந்து வளர்ந்த தேசத்தில் சட்டம் என்பது சீமையிலிருந்து கப்பலேறி வந்த சரக்குத்தானே?

வெறும் சாதுரியத்துக்காக இதை நாம் சொல்லவில்லை. மஞ்சள் சீட்டு என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்கு விளக்கவேண்டிய அவசியமே அன்று இருக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911இல் திருத்திச் சென்னை ராஜதானிக்கும் நீட்டினார்கள். ரொட்டி திருடியவனைத் துரத்துவது ஜாவரின் வேலை; இந்தச் சட்டம் திருடாதவனையும் துரத்தியது. பிரமலைக் கள்ளர், மறவர், குறவர் என்று பல சமூகங்களின் பெயரை அட்டவணையில் ஏற்றி, அதில் பிறந்த குற்றத்துக்காகவே கைரேகை பதியச் செய்தார்கள். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். இரவு வந்தால் ஆண்பிள்ளைகள் வீட்டில் படுக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். கல்யாணம், கருமாதி, சந்தை என்று அடுத்த ஊருக்குப் போவதானால் கையில் ராதாரிச் சீட்டு இருக்கவேண்டும். புது மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை.

ஹ்யூகோவின் மஞ்சள் சீட்டுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு எதற்கு? ராதாரிச் சீட்டு என்ற வார்த்தை மதுரை ஜில்லாக் கிராமங்களில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தச் சீட்டைப் பெற வல்ழானாவது ஒரு ரொட்டியை எடுக்க வேண்டியிருந்தது!

இந்தச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை பதிய மாட்டோம் என்று கூடி நின்றார்கள். போலீஸார் சுட்டார்கள். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருஷம் பூர்த்தியாக அப்போது பத்து நாள் இருந்தது. பஞ்சாபின் அந்தத் தோட்டம் பாடப் புஸ்தகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. பெருங்காமநல்லூர் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த ஏழைகளுக்காக மதுரையில் வாதாடினார். கேரளத்திலிருந்து வந்த கிறிஸ்தவரான அவரை அந்த ஜனங்கள் 'ரோசாப்பூ துரை' என்று செல்லப் பெயரிட்டுக் கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்தை ஒழிப்பதை ஆயுட்காலப் போராட்டங்களில் ஒன்றாகக் கொண்டார். கம்யூனிஸ்ட் தலைவர்களான ப. ஜீவானந்தமும் பி. ராமமூர்த்தியும் குரல் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல், சுதந்திரம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், சட்டம் ரத்தாயிற்று. தேசம் முழுவதிலும் ரத்தானது 1952இல்.

ஆகவே 'ஏழை படும் பாடு' வெளிவந்தபோது மதுரைப் பக்கத்துக் கொட்டகைகளில், மூன்று வருஷத்துக்கு முன்பு வரை ஸ்டேஷனில் படுத்து எழுந்தவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடும். அவர்களுக்குக் கந்தன் பிரஞ்சுக்காரனாகத் தோன்றியிருப்பானா?

வெள்ளி விளக்குத் தண்டுகளின் கட்டமும் அப்படியே. தங்க இடம் கொடுத்த குருவின் வீட்டில் வல்ழான் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான்; போலீஸார் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குருவோ, "இவை நான் கொடுத்தவை, விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்று கேட்டு அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். பொய்தான். ஆனால் குற்றமில்லாத நன்மையைத் தரும் பொய்க்கு வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார். பெரிய புராணம் படித்தவர்களுக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். அடியார் வேஷம் போட்டு வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை வெட்ட வாளோங்கிய தத்தனைத் தடுத்து, ஊர் ஜனங்கள் தீங்கு செய்யாதபடி அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோய் விட்டுவா என்று கட்டளையிட்ட திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார்தான் அவர். தத்தன் திரும்பி வந்து செய்தி சொல்லும் வரையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் அல்லவா? பிரஞ்சு தேசத்துக் குருவை நாம் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல் அவர் வந்து சேர்ந்தார். இந்தக் கதையில் நமக்குப் புதிதாக வந்தவன் ஜாவர்தான்.

ஜாவரைக் கெட்டவன் என்று ஒதுக்குவது சுலபம். ஹ்யூகோ அப்படி ஒதுக்கவில்லை. சிறையிலேயே பிறந்த பிள்ளை அவன், லஞ்சம் வாங்காதவன், தன் மீதே குற்றம் கண்டால் தன்னையே வேலையிலிருந்து நீக்கும்படி மேலதிகாரியிடம் கேட்பவன். ஒருமுறை குறி விழுந்தவன் மாறமாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில் வாழ்கிறான். கடைசியில் தன்னைக் கொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தும் வல்ழான் உயிரோடு விட்டுவிட்டதும், அந்த நம்பிக்கை முறிகிறது. நம்பிக்கை முறிந்தபின் உயிரோடிருக்கும் வழி தெரியாமல் ஸேன் நதியில் விழுகிறான். எதிரி காட்டிய கருணையால் செத்த வில்லன் உலக இலக்கியத்தில் வேறு யார்?

பிறகு வந்த படங்களிலும் அவன் தலைகாட்டத் தவறவில்லை. 1955இல் ஸோராப் மோடி ஹிந்தியில் 'குந்தன்' எடுத்தார். 1972இல் வந்த 'ஞான ஒளி'யில் சிவாஜி கணேசனின் அந்தோணியை மேஜர் சுந்தரராஜனின் இன்ஸ்பெக்டர் லாரன்ஸ் துரத்துவது யாருடைய நிழல் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடுவோ திருடர்களை விடுவதாயில்லை. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவலை வைத்து 1954இல் 'மலைக்கள்ளன்' எடுத்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார். அந்தக் கள்ளன் சிரித்துக்கொண்டே குதிரையேறிப் போனான். கந்தனைப் போல் அழவில்லை. டிக்கெட்டும் அதிகம் விற்றது.

நாவலில் வல்ழான் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு தொழிற்சாலை வைக்கிறான். அதனால் ஓர் ஊரே செழிக்கிறது. தொழிற்சாலையால் ஊர் உண்டாவதைக் குரோம்பேட்டைக்காரர்களான நமக்குச் சொல்லித்தர வேண்டாம். குரோம் தோல் கம்பெனிதான் நம்முடைய ஊருக்குப் பெயரையே கொடுத்தது. பல ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் இங்கே கூடினார்கள். யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்பது குறைந்து, என்ன வேலை என்று கேட்பது வழக்கமாயிற்று. பட்டணக்கரையில் குடியேறியதால் ஏழைக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பழைய பெயரை யாரும் தோண்டியெடுப்பதில்லை. எடுத்தால் வல்ழானின் தொழிற்சாலை மூடிய கதைதான்.

ஆனால் சீட்டுகள் அடியோடு மறைந்துவிட்டனவா? குற்றப் பரம்பரைச் சட்டம் போன மறு வருஷமே, 1948இல், வழக்கமாகக் குற்றம் செய்பவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் பிறந்தது. பிறப்பை விட்டுவிட்டுத் தண்டனைகளைக் கணக்கெடுத்தது என்பது வாஸ்தவம். வல்ழானை விடவில்லை என்பதும் வாஸ்தவம். 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை என்று தள்ளியது. சிறைப் பதிவேடுகளிலிருந்து ஜாதிக் கலத்தை நீக்கும்படி உத்தரவிட்டது. பழைய பட்டியலில் இருந்த சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக எண்ணும் பழக்கத்தையும் கண்டித்தது. ரேகைச் சட்டம் ரத்தாகி எழுபத்தேழு வருஷம் கழிந்தும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் அந்தச் சமூகங்களுக்கு இப்போது சீர்மரபினர் என்று பெயர். அட்டவணையில் 68 சமூகங்கள் இருக்கின்றன. சலுகைக்காக அவர்களுக்குத் தரப்படும் சான்றிதழில் 'பழங்குடி' என்றிருந்ததை 1979இல் 'வகுப்பு' என்று மாற்றினார்கள். அதற்காகப் பல வருஷம் கிளர்ச்சி நடந்தது. 2019இல் மத்திய சர்க்கார் காரியங்களுக்குப் பழைய பெயரிலும் தரலாம் என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் சான்றிதழ்களைச் சரிபார்த்து அடுக்கும் வேலை நம்மைச் சேர்ந்தது. பாட்டன் எந்தக் காகிதத்தைக் கண்டு ஒளிந்தானோ, அதன் பேரனான காகிதத்துக்காகப் பேரன் தாலூகா ஆபீஸில் வரிசையில் நிற்கிறான். முன்னது படுக்கையைப் பறித்தது. இது ஹாஸ்டலில் படுக்கை தருகிறது. வகுப்பாசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: அந்தக் காகிதத்தை வாங்கும்போது வகுப்பு நடுவே பெயரை உரக்கப் படிக்காமல் வாங்கலாம்.

ஜாவர் சீதாராமனைப் பற்றி விட்ட இடத்தில் தொடரவேண்டும். சட்டம் படித்த அவர் பேனாவையும் விடவில்லை. 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்துக்கு வசனம் அவருடையது. அதிலும் கொலையைத் துப்பறியும் அதிகாரி வேடம் அவருக்கே. 'உடல் பொருள் ஆனந்தி' என்ற தொடர்கதையால் குடும்பத்துப் பெண்மணிகளை வாரந்தோறும் கடைக்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்க வைத்தார். அந்தக் கதைகளின் முகப்பிலும் அவர் பெயரை ஜாவர் சீதாராமன் என்றே அச்சிட்டார்கள்.